விமானத்துக்குக் கண்ணாடி போட்ட அக்கா

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதுவதென்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்கிற முகம் எனக்கில்லை. வவுனியாவில் பஸ் திருத்துகிற கராஜ்களில் அவரைக் கண்ணாடி அக்கா என்பார்கள். பஸ் யன்னல் கண்ணாடி இறுகினால், உடைந்தால், மழைக்கு ஒழுகினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நானும் கண்ணாடி அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் நான் அவரைக் கண்டது புளியங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு வந்த ஒரு பஸ்ஸில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனுசி, ஓடுகிற பஸ்ஸில் சீற்றின் மேல் முழங்காலூன்றி நின்று, ஸ்குரூ டிரைவரால் யன்னலை நெம்பிக்கொண்டிருந்தார். கொண்டக்டர் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, என்ன செய்யிறியள்? உடைஞ்சால் முதலாளி என்னையெல்லோ பேசுவார்!"

"உடையாது. இந்த யன்னல் திறக்காது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"மற்ற யன்னல் எல்லாம் திறக்குதுதானே."

"இந்த யன்னலடியில இருக்கிற ஆள் மற்ற யன்னலால எப்பிடி வெளியில போறது?"

அவன் முன்னுக்குப் போய்விட்டான். ஓமந்தை கடக்கும்போது கண்ணாடி அசைந்தது. அவர் தடத்திலிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, கைப்பையிலிருந்து ஒரு மெழுகுதிரித் துண்டை எடுத்துத் தேய்த்தார். பிறகு ஒற்றை விரலால் மூன்று தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல இருந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருடைய பழக்கம் அதுதான். எங்கே போனாலும், எதைக் கண்டாலும், அது உள்ளேயிருந்து திறக்குமா என்று பார்ப்பார். கோயில் மடத்து அறை, ஆஸ்பத்திரிக் கக்கூஸ், சொந்தக்காரர் புதிதாய் வாங்கிய வான் வண்டி, எல்லாவற்றுக்குள்ளும் போய்க் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று திறந்து பார்ப்பார். ஒருமுறை ஒரு கலியாண மண்டபத்தில், கலியாணப் பொம்பிளை சோடித்து வெளிக்கிடுகிற அறைக்குள் பட்டுச் சேலையோடு போய்த் தாளைப் போட்டுவிட்டார். தாள் இறுகிவிட்டது. பொம்பிளையும் தோழியும் வெளியே நிற்கிறார்கள், ஐயர் நேரம் போகுது என்று கத்துகிறார். கொஞ்ச நேரத்தில் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கழற்றிய தாள் கையில் இருந்தது.

"இது சரியில்லை. பொம்பிளை உள்ளுக்கு நிக்கேக்க இறுகியிருந்தா என்ன செய்வியள்?" என்று மண்டபக்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

"வெளியில ஆக்கள் நிப்பினம், திறந்து விடுவினம் எண்டு நம்பி ஒண்டுக்குள்ளையும் போகக் கூடாது," என்பார். யுத்தத்துக்குள்ளால் வந்த எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் அவர் சொல்லும்போது நாங்கள் கண்ணைக் காட்டிச் சிரிப்போம்.

நான் அப்போது நெளுக்குளம் பக்கத்தில் ஒரு பண்ணை விடுதியில் மனேஜராக வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவர் வயற்காணியோடு சேர்த்து ஏழெட்டு அறைகள் கட்டி நடத்தினார். நாங்கள் அவரைச் சேர் என்போம். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே விமான ஆசை. தெற்கில் ஒரு காலம் விமானம் ஓட்டப் பழக்குகிற இடத்தில் நின்ற, நாலு பேர் இருக்கக்கூடிய பழைய சின்ன விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். பறக்க அல்ல. தோட்டத்தின் நடுவில் நிறுத்தி, வருகிறவர்கள் ஏறி இருந்து படம் எடுக்க.

இறக்கை கழற்றிய நிலையில் லொறியில் அது வந்த நாளில், சந்தித் தேத்தண்ணிக் கடையில் கதை நின்றுபோனது. ஒரு வயதான மனிதர் மட்டும் எழும்பி வந்து என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, இது இனி எழும்பாதெல்லோ?"

"எழும்பாது ஐயா."

"அப்ப சரி," என்று திரும்பப் போய் இருந்தார்.

பெயின்ற் அடிக்க ஆள் கிடைத்தது. சீற் தைக்க ஆள் கிடைத்தது. கண்ணாடிக்குத்தான் ஒருவரும் இல்லை. விமானி இருக்கிற இடத்தின் இரண்டு பக்கமும் சறுக்குக் கண்ணாடிகள். ஒவ்வொரு பக்கத்திலும் முன் பாதி அசையாது, பின் பாதி பின்னுக்குச் சறுக்கித் திறக்கும். கண்ணாடி என்று சொன்னாலும் அது பேர்ஸ்பெக்ஸ் என்கிற தெளிந்த பிளாஸ்ரிக். மஞ்சள் பாய்ந்து, வற்றிய குளத்து நிலம்போல வெடித்திருந்தது. சறுக்குகிற அலுமினியத் தடம் வெள்ளைப் பூப்பூத்து நெளிந்து கிடந்தது. பஸ்ஸில் கண்ட அக்காவின் ஞாபகம் எனக்கு வந்தது. தேடிப்பிடித்துக் கூட்டி வந்தேன்.

அவர் கண்ணாடியைத் தொடவேயில்லை. ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். விமானத்துக்கு அந்த ஒரு கதவுதான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு உள்ளேயிருந்து தட்டினார். நான் வெளிக் கைபிடியைத் திருப்பித் திறந்தேன்.

"தங்கச்சி, உள் கைபிடி சும்மா சுத்துது. உள்ளுக்கு ஆணி அறுந்திருக்கு. இது இஞ்ச செய்யேலாது, புதுசை வெளியிடத்தில இருந்துதான் எடுப்பிக்க வேணும். சேரிட்டை இண்டைக்கே சொல்லும்."

"சொல்லுறன் அக்கா."

"அது வரும்வரைக்கும் இந்தக் கண்ணாடிதான் கதவு. உள்ளுக்கு இருக்கிற ஆள் கண்ணாடியைத் தள்ளிப்போட்டு, கையை வெளியில விட்டு, வெளிக் கைபிடியைத் திருப்பலாம். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் நான் சேரிடம் சொல்லவில்லை. அன்று மறந்தேன். அடுத்த நாள் ஞாபகம் வந்தது, அவர் வேறு ஏதோ கோபத்தில் இருந்தார். பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். இரண்டு கிழமை கழித்து அக்கா கேட்டபோது, "ஓடர் குடுத்தாச்சு அக்கா, வருகுது," என்று சொன்னேன். அது முதல் பொய். சொல்லும்போது பொய் மாதிரியே இருக்கவில்லை.

வேலையை அவர் செய்த விதம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பழைய கண்ணாடியை உடையாமல் எடுத்து, அதையே அச்சாக வைத்துப் புதிய பேர்ஸ்பெக்ஸை வெட்டினார். துளை போட, டிரில்லின் புது அலகை முதலில் கல்லில் உரசி மழுக்கினார். கூரான அலகு பேர்ஸ்பெக்ஸைக் கடித்து இழுத்து வெடிக்கப் பண்ணுமாம். துளையை ஸ்குரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக விட்டார். "வெயிலுக்கு இது பெருக்கும் தங்கச்சி. இடம் விடாட்டி வெடிக்கும். ஆக்களும் அப்பிடித்தானே." தடத்தை ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி நேராக்கினார். உள்ளே ஒட்டுகிற கம்பளித் துணிப்பட்டி கிடைக்கவில்லை. பஸ் ரப்பர் மொத்தம், தடத்துக்குள் போகாது. கடைசியில் வவுனியாப் பசாரில் கோட்டுத் தைக்கிற ஒரு முஸ்லிம் நானாவிடம் போய், கொலருக்கு உள்ளே வைக்கிற கம்பளித் துணியில் மீதி கேட்டு வாங்கி, விரலகலத்தில் வெட்டி ஒட்டினார்.

கீறல்களைப் பற்பசையும் பஞ்சும் வைத்து மணிக்கணக்காகத் தேய்ப்பார். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்தான், நான் கேளாமலே சொன்னார். ஒரு மாரிக்கு, குளம் மேவிப் பாய்ந்த நேரம், ஒரு வான் வண்டியில் தங்கையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும் போனார்களாம். இடம் காணாமல் இவர் பின்னால் சைக்கிளில் போனாராம். தண்ணீர் வானைத் தெருவால் இழுத்து மதகடியில் சாய்த்தது.

"கண்ணாடி எல்லாம் இறுக்கி வைச்சிருந்தது. கோடைத் தூசி வருமெண்டு. நான் வெளியில நிண்டனான்."

நான் கீழே கிடந்த பஞ்சை எடுத்து நீட்டினேன்.

"இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடியும்," என்றார். பிடித்தேன். அவர் தேய்த்தார்.

வேலை முடிந்த அன்று அவர் உள்ளே இருந்துகொண்டு ஒற்றை விரலால் கண்ணாடியைத் தள்ளினார். சத்தமில்லாமல் பின்னுக்குப் போனது. மற்றப் பக்கமும் அப்படியே. பிறகு கையை வெளியே விட்டுக் கைபிடியைத் திருப்பி இறங்கி வந்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

சித்திரையில் திறப்புவிழா. அதற்கு இரண்டு நாள் முன்னர் திடீரென்று ஒரு மழை. தடத்தின் கீழ் இடுக்கால் தண்ணீர் உள்ளே போய்ப் புதிதாகத் தைத்த வெள்ளைச் சீற்றை நனைத்துவிட்டது. சேர் கத்தினார்.

"நாளண்டைக்கு ஆக்கள் வருகினம். இனி ஒரு துளி உள்ளுக்குப் போகக் கூடாது. எப்பிடியெண்டு எனக்குச் சொல்ல வேண்டாம்."

அக்காவுக்குப் போன் எடுத்தேன். "ஓம், அந்த இடத்துக்கு ஒரு மெல்லிய ரப்பர் உதடு வைக்க வேணும். நான் வெட்டி, விழாவண்டு காலமை கொண்டு வாறன்," என்றார். காலமை என்றால், இடையில் மழை பெய்தால் என்ன செய்வது? நான் பெயின்ற் அடிக்கிறவரைக் கூப்பிட்டேன். கண்ணாடி ஓரம் முழுக்க வெள்ளைச் சிலிக்கன் பூசி, ஆடாமல் இருக்க மூலைக்கு ஒரு ஸ்குரூவாக இறுக்கச் சொன்னேன்.

"கண்ணாடி திறக்காதே மிஸ்?" என்றார் அவர்.

"விழா முடிய வெட்டி எடுப்பம்."

அக்காவுக்கு நான் அதைச் சொல்லவில்லை; ரப்பரோடு வந்தால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். விழாவுக்கு அவருக்கு அழைப்பும் கொடுக்கவில்லை. கராஜில் வேலை செய்கிறவர் என்பதாலா, வந்தால் கண்ணாடியைப் பார்த்துவிடுவார் என்பதாலா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், இரண்டும்தான்.

விழாவன்று நல்ல வெயில். நெளுக்குளத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் தன் ஐந்து வயது மகளோடு வந்திருந்தார். விமானத்துக்குள் தாயும் பிள்ளையுமாக ஏறி இருந்தார்கள். படம் வடிவாக வர வேண்டும் என்று படம் எடுக்கிறவர் கதவை இழுத்து அடித்துச் சாத்தினார். படம் எடுத்து முடிய, விளக்கேற்ற எல்லாரையும் வரும்படி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவர் கமெராவோடு மேடைக்கு ஓடினார். சனமும் போனது. நான் மேடையில் விளக்குத் தட்டத்தோடு நின்றேன். வரவேற்புரை நீண்டது.

அக்கா வவுனியாக் கராஜில் விட்டு வைக்கிற சைக்கிளில் பின் வழியால் வந்திருக்கிறார், வெட்டிய ரப்பரைச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு. நான் கேட்டது அவருடைய கத்தல்தான். அவர் கத்தி நான் முன்னர் கேட்டதில்லை. தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

கண்ணாடியில் உள்ளேயிருந்து ஒரு உள்ளங்கை அடித்துக்கொண்டிருந்தது. அக்கா வெளிக் கைபிடியைத் திருப்பினார். இழுத்து அடித்ததில் எங்கேயோ கோணி இறுகியிருக்க வேண்டும். பாதி திரும்பி, அறுந்து அவர் கையோடு வந்துவிட்டது. உடனே கண்ணாடிக்கு விரலைக் கொடுத்தார். அசையவில்லை. குனிந்து ஓரத்தைப் பார்த்தார். வெள்ளைச் சிலிக்கனைக் கண்டார். ஸ்குரூவைக் கண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஆரோ கல்லை எடுத்து அடித்தார்கள். பேர்ஸ்பெக்ஸில் பட்ட கல் துள்ளி விழுந்தது.

"விலகுங்கோ!" என்று அவர்களைத் தள்ளினார். உள்ளே இருந்த ரீச்சரிடம், பிள்ளையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு மற்றப் பக்கம் சாயும்படி கையால் காட்டினார். கைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, பெயின்ற் அடிக்கிறவர் இறுக்கிய ஸ்குரூவின் பக்கத்தில் வைத்தார். கூரான அலகால் துளைத்து, இடம் விடாமல் இறுக்கியிருந்த அந்தத் துளையைச் சுற்றி மயிரளவில் ஏற்கெனவே வெடித்திருந்தது. எங்கே உடையும் என்று அவருக்குத் தெரியும். அது உடையாமல் இருக்க எத்தனை நாள் பாடுபட்டவர் அவர். கல்லால் ஸ்குரூ டிரைவரின் தலையில் அடித்தார். மூன்றாவது அடியில் கண்ணாடி குறுக்காகப் பிளந்தது. மிச்சத்தைக் கையால் இழுத்துப் பிடுங்கினார். வெள்ளைப் பெயின்றின் மேல் இரத்தம் வடிந்தது.

பிள்ளையைத்தான் முதலில் எடுத்தார்கள். முகம் செக்கச் சிவந்து, தலைமயிர் நனைந்து, கண் செருகியிருந்தது. நிழலில் கிடத்தித் தண்ணீர் தெளித்து, தாயோடு வானில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அன்று பின்னேரமே பிள்ளை எழும்பி இருந்து கதைத்தது என்று போன் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதை நான் பலதரம் எனக்குச் சொல்லியிருக்கிறேன்.

வான் போன கையோடு சேர் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஆர் இந்தக் கண்ணாடியை ஒட்டி வைச்சது?"

பெயின்ற் அடிக்கிறவர் அன்று வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பத்தடி தள்ளித் தண்ணீர்ப் பைப்படியில் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"கண்ணாடி வேலை முழுக்க அக்காதான் செய்தவா, சேர்," என்றேன்.

அந்த வசனத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படி ஒரு வசனத்தை அந்த நேரத்தில் தேடி எடுக்க என்னால் முடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அக்காவுக்குக் கேட்டது. பைப்பைப் பூட்டிவிட்டுத் திரும்பி நின்றார். சேர் பேசத் தொடங்கினார். சறுக்குகிற கண்ணாடி என்று சொல்லிவிட்டு இப்படி ஒட்டி வைப்பதா, பிள்ளை செத்திருந்தால் யார் பதில் சொல்வது, படிக்காத ஆக்களிடம் வேலை கொடுத்தால் இதுதான். அவர் பேசி முடியும் வரைக்கும் அக்கா சேரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாக அல்ல. எனக்கு நேரம் தந்தார். நான் அந்த நேரம் முழுவதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளைக்கு மூச்சுச் சீராத்தான் இருந்தது. நான் பாத்தனான்," என்று மட்டும் சொல்லிவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. அது உண்மை. அவருக்கும் அவருடைய வேலை தேவையாக இருந்தது. அதுவும் உண்மை.

கராஜ்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன என்று ஒரு கொண்டக்டர் சொல்லித்தான் அறிந்தேன். "பிள்ளையை உள்ளுக்கு வைச்சு ஒட்டின மனுசி எண்டு கதைக்கினம்," என்றான். அன்றிரவும் அடுத்த நாளும் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன்.

"இப்ப ஏன் அதைக் கிளறுறீர்?" என்றார் அவர். "அது முடிஞ்ச கதை. இனி ஒருத்தரும் ஏறாமல் அந்தக் கதவைப் பூட்டிவிடும்."

அவ்வளவுதான். இதற்குப் பயந்தா வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று எனக்கு வெட்கம் இரட்டிப்பானது. அடுத்த மாதம் நானாகவே வேலையை விட்டேன். அதற்கு முதல், புளியங்குளத்தில் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

அக்கா முற்றத்தில் கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. "வாரும் தங்கச்சி," என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்காமலே சொன்னேன். இடையில் அழுகை வந்து வசனம் குழம்பியது.

"அண்டைக்கே தெரியும். அந்தப் பெயின்ற்காரன் பிறகு வந்து சொல்லி அழுதவன்," என்றார்.

"அப்ப ஏன் அக்கா நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நான் சொன்னா அது வாக்குவாதம். நீர் சொன்னாத்தானே சனம் நம்பும்." கம்பியை முறுக்கினார். பிறகு கேட்டார், "ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டீரோ?"

"இல்லை."

"போன மாதம் சந்தையில கண்டனான். பிள்ளைக்கு எப்பிடி எண்டு கேக்கக் கிட்டப் போனனான். அவா பிள்ளையை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போயிட்டா." வலையை இழுத்து ஒரு ஆணி அடித்தார். "கராஜ் வேலை வரும், போகும். அதை விடும்."

எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தார். குடித்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். வேலிப் படலையடியிலேயே நின்று சொன்னேன். சிலிக்கன், ஸ்குரூ, ஓடர் கொடுக்காத கைபிடி, சேருக்குச் சொன்ன அந்த வசனம், ஒன்றையும் விடவில்லை. மகள் உள்ளே பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் ரீச்சர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"என்ர பிள்ளையை வெளியில எடுத்த மனுசி. அவாவைக் கண்டு நான் முகத்தைத் திருப்பினனான். பிள்ளைக்கும், அவாவோட கதைக்கக் கூடாது எண்டு சொல்லிக் குடுத்தனான். அதை நீங்கள் எப்பிடித் திருப்பித் தரப் போறியள்?"

உள்ளே போனார். மகளுக்குச் சட்டை மாற்றி, தலைமயிரை வாரி இழுத்து, கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நானும் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்கள் வர வேண்டாம்," என்றார். "அவான்ர வீட்டுக்கு வழியை மட்டும் சொல்லுங்கோ."

புளியங்குளம் சந்தியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது ஒழுங்கை, வேலியில் என்ன மரம் நிற்கிறது என்று சொன்னேன். அவர் ஒருதரம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். பிறகு வீட்டைப் பூட்டி, படலையைச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். பிள்ளை திரும்பி எனக்குக் கை காட்டியது. அதற்கு ஒன்றும் தெரியாது.